பத்ரியா, முக்திநாத்தா, கேதாரா? துடிப்பு சீரில்லாத இதயத்தோடு மலைக்குப் போவது

இதயம் சீரில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன், சுருக்கமாக ஏ.எஃப்., இருக்கிற ஒருவர் இமயமலைக் கோயில் ஒன்றுக்குப் போகலாமா என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். வீட்டில், "இந்த வயசுல இதெல்லாம் வேண்டவே வேண்டாம்." டூர் நடத்துபவரிடம், "எண்பது வயசுப் பாட்டியெல்லாம் வந்துட்டுப் போறாங்க சார், கற்பூரத்தை மோந்துக்கிட்டே வாங்க, ஒண்ணும் ஆகாது." எந்தக் கோயில், எந்த வழி என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. ராத்திரி எங்கே தூங்கப் போகிறோம், உடம்புக்கு ஏதாவது ஆனால் எவ்வளவு நேரத்தில் கீழே இறங்க முடியும் என்பதும் பேச்சில் வராது. என்னைக் கேட்டால் முடிவெடுக்க வேண்டியதே கடைசியாகச் சொன்ன அந்த இரண்டையும் வைத்துத்தான். கோயிலின் உயரம் அதற்கு அடுத்தபடி.

எனக்கு இருப்பது அவ்வப்போது வந்து போகிற வகை. நாடியை அடக்கிவைக்க பீட்டா பிளாக்கர் ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று என்று மாத்திரைகளோடு காலம் ஓடுகிறது. வீட்டம்மாவுக்கு வடநாட்டுத் திவ்யதேசங்களைச் சேவிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எனக்குத் தேவாரத் தலமான கேதாரத்தின் மேல் ஒரு கண். பிள்ளைகள் லடாக்கில் இருக்கும் லே போகலாம் என்கிறார்கள். ஆக, எங்கள் மேஜையில் இருந்த தெரிவுகள் பத்ரிநாத், முக்திநாத், கேதார்நாத், கயிலாயம், லே. ஒவ்வொன்றையும் இதய மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பேசினோம். இதைப் படிப்பவரும் அப்படிப் பேசாமல் டிக்கெட் போட வேண்டாம். ஒருவர் இதயத்துக்குச் சரிப்பட்டது இன்னொருவருக்குச் சரிப்படாது.

முதலில், உயரத்தில் என்னதான் நடக்கிறது? காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. சென்னையிலும் 21 சதவீதம்தான், பத்ரியிலும் 21தான். குறைவது காற்றின் அழுத்தம். 3,000 மீட்டரில், கடல்மட்டத்தில் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதம் கிடைக்கும். 5,500 மீட்டரில் பாதி. இதை ஈடுகட்ட உடம்பு மூச்சை வேகப்படுத்துகிறது, அட்ரினலினை ஏற்றிவிடுகிறது, நாடி கூடுகிறது. நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை ஏறுகிறது. தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வருவதும் உண்டு. போதாக்குறைக்குக் குளிர், தண்ணீர் குடிக்கத் தோன்றாமை, விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்புவது. ஏ.எஃப்.-ஐக் கிளப்பிவிடும் காரணங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிற பட்டியலில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. சாராயம் ஒன்றுதான் பாக்கி, லே போகிற கூட்டத்தில் அதற்கும் குறைவில்லை.

இரவு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மேலே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு இறங்குவதும் எட்டு மணி நேரம் படுத்துக் கிடப்பதும் ஒன்றல்ல. உயரத்தில் தூங்கும்போதுதான் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் கீழே போகிறது. உயரத்தில் தலைவலி, குமட்டல் என்று வரும் மலைநோயும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பல மணி நேரம் கழித்து, முதல் இரவில்தான் தலைகாட்டும். குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவும் இருப்பவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. ஏ.எஃப். உள்ளவர்களில் ஆப்னியா இருப்பவர்கள் நிறைய, பலருக்கு அது தெரியாமலே இருக்கிறது.

பத்ரிநாத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் முடிவும் அதுதான். கோயில் இருப்பது சுமார் 3,100 மீட்டரில். வண்டி கோயிலுக்குக் கிட்டத்தட்ட அருகிலேயே போய்விடுகிறது, மலையேற்றம் என்று எதுவும் இல்லை. ரிஷிகேஷிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பேருந்தில் கூட்டமாகப் போகிறவர்கள் பத்ரியிலேயே ஓரிரவு தங்கி, விடிகாலைச் சேவையை முடித்துக்கொண்டு இறங்குவார்கள். நமக்கு அது வேண்டாம். பத்ரிக்கு 45 கிலோமீட்டர் முன்னால் ஜோஷிமட் இருக்கிறது, உயரம் சுமார் 1,875 மீட்டர். ஊட்டி 2,240, கொடைக்கானல் 2,100 சொச்சம். அதாவது ஜோஷிமட்டில் தூங்குவது ஊட்டியில் தூங்குவதைவிடக் கீழே தூங்குவது.

இன்னொரு வசதியும் உண்டு. அதே ஜோஷிமட்டைத்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்கிறார்கள். ஆகவே அங்கே ஒரு நாள் கூடுதலாக இருப்பதை வீட்டில் யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள். நரசிங்கர் கோயிலைச் சேவித்துவிட்டு அன்று முழுக்க ஓய்வு. மறுநாள் காலைச் சிற்றுண்டியை முடித்து, மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் சாலை திறந்திருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்தில் பத்ரி. சேவித்துவிட்டு மதியத்துக்குப் பிறகு இறங்கி, ராத்திரி மறுபடி ஜோஷிமட். வழியில் தேவப்பிரயாகை வேறு இருக்கிறது, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஒரே பாதையில் மூன்று திவ்யதேசம், ஓர் இரவுகூட 2,000 மீட்டருக்கு மேல் இல்லை. இதய நோயாளிக்கென்று யாரோ உட்கார்ந்து வகுத்த பாதை மாதிரி இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் ஜோஷிமட்டுக்கும் பத்ரிக்கும் நடுவே வண்டிகள் மணிக்கணக்கில் நின்றுவிடும், மேலேயே ராத்திரி தங்க நேரலாம். அதனால் ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மே மாதம் கூட்டம் நெரியும், தரிசன வரிசையில் குளிரில் நிற்க வேண்டிவரும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதிதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்ட செய்தி நினைவிருக்கும். தங்கும் விடுதி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் தப்த குண்டம். பத்ரியில் அந்த வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுத்தான் சேவிக்கப் போவது வழக்கம். நல்ல சூடு. பீட்டா பிளாக்கர் எடுப்பவர் அதில் ஊறிவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மொண்டு தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முக்திநாத் இதற்கு அடுத்தது. சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடியது. நேபாளத்தில், 3,700 மீட்டருக்குச் சற்று மேலே. பொக்காராவிலிருந்து சிறு விமானத்தில் இருபது நிமிடத்தில் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப், கடைசியில் படியேற்றம் அல்லது குதிரை. பொக்காரா 820 மீட்டர், ஜோம்சோம் சுமார் 2,740. பல டூர்களில் அன்று காலையே விமானம், அன்றே கோயில். சிலர் கோயிலடியில் ராணிபௌவாவிலேயே தங்கவும் வைக்கிறார்கள். அது 820-லிருந்து ஒரே நாளில் 3,700-க்கு ஏறிப் படுப்பது, எனக்குச் சம்மதமில்லை. ஜோம்சோமிலோ பக்கத்து மார்ஃபாவிலோ முதல் இரவைக் கழித்து, மறுநாள் போய்விட்டு அங்கேயே திரும்பினால் நிலைமை வேறு. அப்போதும் இரண்டு இரவு 2,700 மீட்டரில் தூங்க வேண்டியிருக்கும்.

இங்கே பெரிய சிக்கல் காற்று. காளி கண்டகி பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று பலமாக வீசும் என்பதால் விமானங்கள் காலையில் மட்டும்தான், மேகம் இருந்தால் அதுவும் இல்லை. மாலையில் படபடப்பு வந்தால் விமானத்தை நம்பி உட்கார முடியாது. ஜீப்பில் பள்ளத்தாக்கு வழியே 1,200 மீட்டரில் இருக்கும் தாதோபானிக்கு இறங்கலாம், சில மணி நேரக் கரடுமுரடான சாலை. இறங்க வழி இருக்கிறது என்பது வரைக்கும் சரி. பெரிய மருத்துவமனைக்குப் பொக்காரா வரை போக வேண்டும். கோயிலில் 108 தாரைகளில் பனிநீர் கொட்டும். ஒவ்வொன்றின் கீழும் ஓடிக் குளிப்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஐஸ் தண்ணீர் திடீரென்று தலையில் விழும்போது மூச்சும் நாடியும் ஒரு கணம் தாறுமாறாவது ஆரோக்கியமானவர்களுக்கே நடக்கும். ஏ.எஃப். உள்ளவர் தீர்த்தத்தைக் கையில் ஏந்திப் புரோட்சணம் செய்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம் 3,583 மீட்டர். கௌரிகுண்ட் சுமார் 1,980-ல் இருக்கிறது, அங்கிருந்து 16 கிலோமீட்டர் ஏற்றம். ஒரே பகலில் 1,600 மீட்டர் ஏறி, களைத்த உடம்போடு மேலேயே தூங்குவது. மருத்துவர் இதற்கு யோசிக்கவே இல்லை, கூடாது என்றார். பீட்டா பிளாக்கர் நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும், ஏற்றத்திலோ உடம்பு கூடுதல் ரத்தம் கேட்கும். கால் எடுத்து வைக்க முடியாமல் போய்விடும். குதிரையில் போகலாமே என்றால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் அந்த வழுக்குப் பாதையில் குதிரையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தக்கசிவு எளிதில் நிற்காது. டோலி அதைவிடப் பாதுகாப்பு.

ஹெலிகாப்டர் இந்தக் கணக்கை மாற்றுகிறது, முழுக்க அல்ல. குப்தகாசி, பாட்டா, சேர்சி பக்கத்திலிருந்து சில நிமிடங்களில் மேலே இறக்கிவிடுவார்கள், தரிசனம் முடித்து அன்றே திரும்பலாம். உழைப்பு இல்லை, மேலே இரவும் இல்லை. காகிதத்தில் பத்ரி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் பத்ரியில் வானிலை கெட்டால் வண்டியில் ஏறி மெதுவாகக் கீழே வரலாம். கேதாரில் மேகம் மூடினால் ஹெலிகாப்டர் வராது. அங்கே வானிலை நிமிடத்தில் மாறும், பகல் பதினொரு மணிக்கு வெயில் அடித்ததை வைத்து இரண்டு மணியைச் சொல்ல முடியாது. மேலே மாட்டிக்கொண்டால் 3,583 மீட்டரில் இரவு, அல்லது 16 கிலோமீட்டர் இறக்கம் டோலியில். நோய் கட்டுக்குள் இருப்பவர், அந்த இரவையும் தாங்குவார் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் போகலாம். சோன்பிரயாகிலிருந்து 12.9 கிலோமீட்டர் ரோப்வேக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, 36 நிமிடத்தில் போய்விடலாம் என்கிறார்கள். அது ஓடத் தொடங்கினால் இந்தப் பத்தியை மாற்றி எழுதலாம். அதுவரை எனக்கு வேறொரு வழி தெரிகிறது. குளிர்காலத்தில் கேதாரத்து உற்சவர் ஊக்கிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலுக்கு இறங்கிவந்துவிடுகிறார். உயரம் சுமார் 1,300 மீட்டர். கம்பளியும் சூடான சாப்பாடும் இருந்தால் போதும்.

கயிலாயம். வேண்டாம். மானசரோவர் 4,590 மீட்டர், மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் தோல்மா லா கணவாய் 5,630. அரசு நடத்தும் யாத்திரையில் தில்லியில் ஒருமுறை, லிபுலேக் வழியென்றால் மேலே குஞ்சியில் இன்னொருமுறை மருத்துவச் சோதனை வைத்து, தேறாதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். வருத்தமாக இருந்தாலும் அது நல்ல ஏற்பாடு. காத்மாண்டு வழியாகத் தனியார் அழைத்துப் போகும் பயணங்களில் பலவற்றில் ஒரு சான்றிதழைக் காட்டினாலே போதும் என்கிறார்கள். ஹெலிகாப்டரில் நேபாள எல்லையிலுள்ள ஹில்சா வரை போய்விடலாம், நடையே இல்லை என்று சொல்லி விற்பதும் இதைத்தான். நடை குறையும், உயரம் குறையாது. திபெத் பீடபூமியில் கீழே இறங்குவது என்பதற்கே பொருள் இல்லை. மானசரோவர் கரையில் மூச்சு முட்டினால் அருகே தாழ்வாக இருப்பது புராங், அதுவே ஏறக்குறைய 3,900, கேதாரைவிட உயரம்.

லே பற்றிச் சுருக்கமாக. தில்லியில் 216 மீட்டரில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறக்கிவிடும், அன்றிரவே அங்கே தூக்கம். இதுவரை நான் சொன்ன எல்லாவற்றுக்கும் எதிரான வழி. ஸ்ரீநகரிலிருந்து சாலையில் போனால் 1,585-லிருந்து தொடங்கி சோனமர்க்கில் ஓர் இரவு, கார்கிலில் இரண்டு இரவு என்று 2,700 மீட்டர் அளவில் உடம்பைப் பழக்கிவிட்டு ஏறலாம். நடுவில் ஃபோட்டு லா கணவாய் 4,100 மீட்டரைத் தாண்டும், வண்டியில் கடந்துபோவதால் அது பெரிய விஷயமில்லை. லேயில் நல்ல மாவட்ட மருத்துவமனை இருக்கிறது, உயர நோய்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள். நாட்கள் கையில் இருந்தால் லே முடியாத காரியமல்ல. ஆனால் பிள்ளைகளின் திட்டத்தில் கர்துங் லா கணவாயும் பாங்காங் ஏரிக்கரையில் கூடார இரவும் இருந்தன. பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல். அவர்கள் போய்விட்டு வரட்டும்.

இந்தத் தெரிவெல்லாம் யாருக்கு? நாடி கட்டுக்குள் இருப்பவருக்கு. உட்கார்ந்திருக்கும்போது 75 காட்டுகிறது என்பது போதாது, இரண்டு மாடி ஏறினால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஹோல்டர் (ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் கருவி), எக்கோ (இதய ஸ்கேன்), பொட்டாசியம், தைராய்டு, சிறுநீரகச் சோதனை எல்லாம் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிட்டால் மாத்திரையை மாற்றிப் பார்க்க நேரம் இருக்கும். இதயம் பலவீனமாகிக் கால் வீங்குபவர்கள், அண்மையில் மயங்கி விழுந்தவர்கள், கோளாறான துடிப்பைக் கிளப்பும் இடத்தை அடக்கும் அப்லேஷன் சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகாதவர்கள், ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்து நான்கு வாரம் ஆகாதவர்கள் இந்த வருடம் போக வேண்டாம். லாங் க்யூ.டி. போன்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறுகளும், ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவி பொருத்தியவர்களின் நிலையும் வேறு கதை. ஊட்டிக்குப் போனேன், ஒன்றும் ஆகவில்லை என்பவர்களுக்கு: நல்ல அறிகுறிதான், ஆனால் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

டயாமாக்ஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டூர் வாட்ஸ்அப் குழுவில் அதை மிட்டாய் மாதிரிப் பரிந்துரைக்கிறார்கள். அதில் இருக்கும் அசெட்டசோலமைடு நல்ல மருந்துதான், உயரத்துக்கு உடம்பு பழகுவதை விரைவாக்கும். கூடவே சிறுநீரைப் பெருக்கிப் பொட்டாசியத்தையும் இறக்கும். பொட்டாசியம் இறங்குவது ஏ.எஃப். உள்ளவருக்கு நல்லதல்ல. துடிப்புக்காக டிகாக்சின், சோட்டலால் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம். ஜோஷிமட்டில் தூங்கிப் பத்ரி போய்வருவதற்கு அது எனக்குத் தேவையில்லை என்றார் மருத்துவர். உங்களுக்கு வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கரிலும் வகை உண்டு. கார்வெடிலால் உயரத்தில் மூச்சையும் உழைப்புத் திறனையும் நெபிவோலாலைவிட அதிகம் குறைப்பது தெரிந்த விஷயம். மாற்றலாமா என்று கேட்பதில் தப்பில்லை, தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. கற்பூரம் மூக்குக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. கடைகளில் விற்கும் ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை யாத்திரையில்தான் அதிகம் தவறும். விடிகாலைத் தரிசனம், விரதம், பையை வண்டியின் கூரையில் கட்டிவிடுவது என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரை சாப்பாட்டோடுதான் சரியாக உடம்பில் சேரும், ஆகவே ஏகாதசிப் பட்டினியோடு அது ஒத்துவராது. டாபிகட்ரான் காப்ஸ்யூலை அதன் உறையிலிருந்து பிரித்து டப்பாவில் அடுக்கக் கூடாது, ஈரம் பட்டால் கெடும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு உயரத்திலும் சாப்பாட்டு மாற்றத்திலும், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு நகரலாம், போகுமுன்பும் வந்தபின்பும் பார்த்துவிட வேண்டும். சளி பிடித்தால் வழியில் மருந்துக்கடையில் ஏதோ ஒன்று வாங்கி விழுங்காதீர்கள், மூக்கடைப்பு மாத்திரைகளில் நாடியைக் கூட்டும் மருந்து இருக்கும். படபடப்பு வந்தால் மட்டும் போடச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருந்தால், அதை முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும் இடம் மலை அல்ல.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை ஓரளவுதான் நம்பலாம். துடிப்பு தாறுமாறாக இருந்து விரலும் குளிர்ந்திருந்தால் அது காட்டுவது தவறாகிவிடும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். என் மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்திருப்பது இது: உட்கார்ந்து ஓய்வெடுத்தும் அரை மணி நேரத்துக்கு மேல் நாடி 120-க்குக் கீழே வராவிட்டால், அல்லது சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், தரிசனம் ஆயிற்றா இல்லையா என்று பார்க்காமல் கீழே. நெஞ்சுவலி, மயக்கம், ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது என்றால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேராக மருத்துவமனை. உங்கள் எண் வேறாக இருக்கலாம், அதை எழுதி வாங்கிக் கூட வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இதனால்தான் நாங்கள் கூட்டுப் பேருந்தில் பதிவு செய்யவில்லை. நாற்பது பேர் தரிசனத்துக்குக் காத்திருக்கும்போது ஒருவருக்காக வண்டி திரும்பாது. ஹரித்வாரில் தனிக்கார், செலவு கூட. ஓட்டுநரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு விஷயம் பேசிவிட வேண்டும்: பத்ரியில் நாங்கள் இருக்கும் நேரம் முழுக்க வண்டி கைக்கெட்டும் இடத்தில் நிற்க வேண்டும், வேறு சவாரிக்குப் போகக் கூடாது. ஜோஷிமட்டில் அவரும் நாங்கள் தங்கும் விடுதியிலேயே தங்க வேண்டும், அந்த அறை வாடகை நம் கணக்கு.